கரையில் நின்றவருக்கு ஒரு பங்கு

காலை ஆறு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது தலைகளை. கொள்ளிடம் கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால், சுரபுன்னை மரங்களுக்கு நடுவே ஓடும் ஓர் உப்பங்கழியில், தண்ணீருக்கு மேலே ஒன்பது தலைகள் தெரிந்தன. உடம்புகள் தெரியவில்லை. ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் பனையோலையால் முடைந்த சிறு கூடை, நெஞ்சுக்கு முன்னால் மிதந்தது. அதைப் பறி என்கிறார்கள். கைகள் இரண்டும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு கை மேலே வரும், ஓர் இறால் பறிக்குள் விழும், கை மறுபடி உள்ளே போகும். வாயில் கயிறு இருந்ததால் யாரும் பேசவில்லை.

அப்போது நான் சீர்காழியில் ஒரு நாளிதழின் செய்தியாளன். கழியை ஒட்டியிருந்த ஓர் இறால் பண்ணையின் உப்புத்தண்ணீர் இறங்கி, பக்கத்து ஊர் நெல் வயல்கள் கருகுவதாகப் புகார் வந்திருந்தது. அதைப் பார்க்க முதல் பேருந்தில் வந்தவன், பண்ணைக்குப் போகும் வரப்பைத் தவறவிட்டு அந்தக் கரையில் போய் நின்றேன்.

அரை மணி நேரத்தில் ஒன்பது பேரும் கரையேறினார்கள். எல்லாரும் இருளர்கள். ஆறு பெண்கள், மூன்று ஆண்கள். பின்னால் இருந்த மேட்டில் ஏழு குடிசைகள். ஏழு குடும்பம். பறிகளை ஒரு சாக்கின் மேல் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அத்தோடு மறைந்துபோனது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் சாக்கின் முன்னால் குந்தி, இறாலைக் கூறு கட்டத் தொடங்கினார். ஏழு கூறு வைத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். ஆடு மேய்த்துக்கொண்டு ஒருவர் நின்றார். நான் நின்றேன். இன்னும் இரண்டு கூறு வைத்தார்.

"எனக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"கரையில நிக்கிறீங்கல்ல?"

"நான் சும்மா நிக்கிறேன்."

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார் சிரித்தார். "சும்மா நிக்கிறதும் வேலதாண்ணே. எங்க வீட்டுக்காரரு வருசம் பூரா அந்த வேலதான் பாக்குறாரு."

அந்த வீட்டுக்காரர் மூன்று ஆண்களில் ஒருவர். காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே, "இவ பேச ஆரம்பிச்சா கழியில உள்ள இறாலு எல்லாம் கடலுக்குப் போயிடும்ண்ணே. அதான் வாயில பறியக் குடுத்து எறக்கி விடுறது" என்றார்.

கூறு வைத்த அம்மாள் சிரிக்கவில்லை. எனக்கு விளக்கினார். "தண்ணிக்குள்ள இருக்குறவளுக்கு முதுகுல கண்ணு இல்லண்ணே. கடல் ஏறி வந்தாலும், மேல அணையில தொறந்துவிட்டாலும், கரையில நிக்கிறவங்கதான் பாத்து சத்தம் போடணும். எங்களால வாயத் தொறந்து கேக்கக்கூட முடியாது. அதனால நிக்கிறது யாரா இருந்தாலும் ஒரு பங்கு. எங்க மாமியா காலத்துலயும் அப்படித்தான், அவங்க மாமியா காலத்துலயும் அப்படித்தான்."

செய்தியாளர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரிடம் கை நீட்டக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. நான் அதைப் பல வருடம் மீறாமல் இருந்தவன். அன்று வேண்டாம் என்று சொன்னால் அந்த அம்மாள் முகம் எப்படி ஆகும் என்று தெரிந்ததால், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அதற்குப் பின் எத்தனையோ காலைகளில் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. என் வீட்டில் அந்த இறாலைப் பற்றித் தெரியும். எழுதிய எந்தச் செய்தியிலும் அது இல்லை.

நான் அங்கே அடிக்கடி போனதற்குக் காரணம், அடுத்த ஆண்டு அவர்கள் தொடங்கிய ஒரு காரியம். தொடங்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரத்தநாட்டிலிருந்து பறவைகளைக் கணக்கெடுக்க வந்த மாணவர்கள் சிலரின் படகு, தண்ணீர் வடிந்த நேரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஏற்றம் வரும்வரை நாலு மணி நேரம் அவர்களுக்கு வேறு வழியில்லை. இருளர் பெண்கள் அவர்களைக் கரைக்கு நடத்திக்கொண்டுவந்து சோறும் இறால் குழம்பும் கொடுத்தார்கள். பொழுது போகாத மாணவர்கள் தாங்களும் சேற்றில் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒருவனை நண்டு கடித்தது. அவன் போட்ட சத்தத்தை நாத்தனார் ஒரு வருடம் நடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அந்த மாணவர்கள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு தஞ்சாவூரிலிருந்து வந்தார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் கடற்கரை ஊர்களிலிருந்து குடும்பத்தோடு, பெரிய பாத்திரங்களில் பிரியாணியோடு வந்தார்கள். வந்தவர்களைத் தோணியில் ஏற்றிக் கழிக்குள் கூட்டிப்போவது, எந்த மரத்தின் பால் கண்ணில் படக் கூடாது, எந்தச் சேறு காலை இழுக்கும் என்று காட்டுவது, ஆசைப்படுகிறவர்களைத் தண்ணீரில் இறக்கிக் கையால் இறால் பிடிக்கவைப்பது, பிடித்ததைச் சமைத்துப் போடுவது. அவ்வளவுதான்.

விதிகளை அந்த அம்மாள்தான் வைத்தார். மூன்று தோணிக்கு மேல் கிடையாது. ஒரு தோணியில் நாலு பேர். இயந்திரம் கட்டக் கூடாது. நேரத்தை வருகிறவர்கள் சொல்லக் கூடாது, தண்ணீர்தான் சொல்லும். இறால் குஞ்சு ஏறுகிற மாதங்களில் யார் வந்தாலும் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஒருமுறை ஒரு துறையின் பெரிய அதிகாரி குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அது குஞ்சு ஏறும் மாதம்.

"நான் யாரு தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியாதுங்களே. நீங்க வேணா சொல்லுங்க, இறாலுகிட்ட போயிச் சொல்லிப் பாக்குறோம்" என்றார் நாத்தனார்.

அதிகாரி சிரித்துவிட்டார். காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

விருந்தினர் கொடுத்த காசும் இறாலைப் போலவே ஏழு கூறானது. இது தொடங்குமுன், வெயில் காலம் வந்தால் அந்த ஏழு குடும்பத்தில் நாலு குடும்பம் வடக்கே செங்கல் சூளைக்குப் போகும். மழை பிடிக்கும்வரை திரும்ப முடியாது. பிள்ளைகளும் கூடவே போகும். தொடங்கிய பிறகு இரண்டு வெயில் காலம் ஒருவரும் போகவில்லை. மேட்டிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் ஆண்டுத் தேர்வை எழுதி முடித்தார்கள். கட்டுரையில் இதை எழுதினேன். அது உண்மை.

அவர்களிடம் இல்லாத ஒன்று பட்டா. அந்த மேடும், அதன் காலடியில் கழிக்குள் இறங்கும் துறையும் ஆற்றுப் புறம்போக்கு என்று அவர்கள் சொன்னார்கள். கிராமத்து வரைபடத்தில் கழி மேட்டுக்கு மேற்கே ஓடுகிறது. கண்ணெதிரே அது கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் தண்ணீர் திசை மாறி, எல்லைக்கல்லையும் கொண்டுபோயிருந்தது. கழிக்கு மேற்கே இருந்ததெல்லாம் பண்ணைக்காரரின் நிலம். எல்லைக்கல் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து மேடு அரசுடையது, அல்லது அவருடையது. ஏழு குடும்பம் அந்த மேட்டில் இருப்பதும் போவதும் அந்த ஒரு கல்லில் இருந்தது.

பண்ணைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டம் வருமுன் அப்பா நல்ல நெல் நிலங்களை விற்றுவிட்டார். கடைமடையில் உப்புப் பூத்த நிலம் மிஞ்சியது. அதில் மகன் இறால் குட்டை வெட்டினார். ஒன்றியத்தில் கட்சிப் பொறுப்பில் இருந்தார். அவருடைய மைத்துனர் எதிர்க்கட்சியில் இருந்தார். ஆட்சி மாறும்போது அவர்கள் குடும்பத்தில் யார் தாலுகா அலுவலகத்துக்குப் போவது என்பது மட்டும் மாறும். நான் அங்கே போகத் தொடங்கிய மூன்றாவது வருடம் பண்ணை இறாலில் நோய் விழுந்து, குட்டைகள் எல்லாம் வெடித்த தரையாகக் கிடந்தன. உப்புத்தண்ணீருக்காகப் பண்ணை முன்னால் நடத்திவந்த மறியலை விவசாயிகள் நிறுத்திக்கொண்டார்கள். எதிர்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் காலையில் கழிக்கரைக்கு வரத் தொடங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்குச்சியோடு வந்து நிற்பார். கூறு வைக்கும்போது அவருக்கும் ஒரு கூறு விழும்.

"என்னம்மா, நேத்தையவிடக் கம்மியா இருக்கே?"

"நேத்து நீங்க நல்லாப் பாத்தீங்க சின்னய்யா. இன்னைக்குப் பல்லு தேய்க்கிறதுலயே இருந்துட்டீங்க" என்பார் நாத்தனார். அவரும் சிரிப்பார். அவர் கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலருக்காக அந்த இடத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். படமும் நானே எடுத்தேன். அன்று காலை கரையில் இரண்டு பேர் நின்றோம், பண்ணைக்காரரும் நானும். ஆடு மேய்ப்பவர் வரவில்லை. அந்த அம்மாள் இரண்டு கையிலும் இறாலை ஏந்தி, குனிந்து, பண்ணைக்காரரின் பாத்திரத்தில் போடுகிறார். வெயில் பக்கவாட்டில் விழுந்து இறாலின் மீசைகூடத் தெரிகிறது. நல்ல படம். அடுத்த கூறு எனக்கு வந்தது. அது படத்தில் இல்லை, ஏனென்றால் கேமரா என் கையில் இருந்தது.

படத்தின் கீழே ஒரு வரி எழுதினேன்: அன்றைய பங்கைப் பண்ணை உரிமையாளரிடம் கொடுக்கும் இருளர் பெண். கட்டுரைக்குள்ளே இன்னொரு வரி: நேற்றுவரை உப்புத்தண்ணீருக்காகச் சண்டை நடந்த இந்தக் கரையில் இன்று பிடிக்கும் இறாலில் ஒரு பங்கு பண்ணை உரிமையாளருக்கும் போகிறது. சண்டை ஓய்ந்த இடத்தைக் காட்ட அது நல்ல வரி என்று நினைத்தேன். தஞ்சாவூரில் உதவி ஆசிரியருக்கும் அது பிடித்தது.

கரையில் நிற்கும் எவருக்கும் ஒரு பங்கு என்ற வழக்கத்தை முதல் வரைவில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது, இதைப் படிக்கிறவர், அப்படியானால் உனக்கு என்று கேட்பார் எனத் தோன்றியது. அந்தப் பத்தியை அடித்தேன். ஐந்து வரி. பேனாவை இரண்டு தடவை குறுக்கே ஓட்டினேன்.

கட்டுரை வந்த வாரம் கூட்டம் அதிகமாக வந்தது. மூன்று தோணிக்கு மேல் போகாது என்றதும் பலர் திரும்பிப் போனார்கள். அந்த அம்மாள் பத்திரிகை நறுக்கைக் கண்ணாடிக் காகிதம் ஒட்டவைத்துத் தன் குடிசைக்குள் மாட்டினார். "அண்ணன் போட்ட படம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். படிக்கத் தெரியாததால் படத்தின் கீழே என்ன இருக்கிறது என்று மகளைக் கேட்டிருக்கிறார். மகள் படித்துச் சொன்னதும், "சரியாத்தான எழுதியிருக்காங்க" என்றாராம்.

அந்த வருட ஜமாபந்தியில் ஏழு குடும்பமும் மனைப்பட்டா கேட்டு மனு கொடுத்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு மாதத்தில் பண்ணைக்காரரின் ஆட்சேபணை வந்தது. மேடு தன்னுடைய சர்வே எண்ணில் அடங்கியது, இவர்கள் தன் குடும்பத்தின் அனுமதியில் இருப்பவர்கள் என்று. மேட்டில் சுற்றுலா விடுதி கட்ட அவர் திட்டம் போட்டிருப்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

விசாரணை கோட்டாட்சியர் அலுவலகத்தில், முற்பகல் பதினொன்றரைக்கு. அந்த அம்மாளும் நாத்தனாரும் இன்னும் நாலு பேரும் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்கள். எல்லாரும் விசேஷத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தார்கள். ஆடு மேய்ப்பவர் பண்ணைக்காரரின் கொட்டகையில் குடியிருந்தவர். அவர் வரவில்லை. நான் ஜன்னலோரம் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த மேட்டில் வாழ்வதற்கு என்ன ஆதாரம் என்று கோட்டாட்சியர் கேட்டதும், அந்த அம்மாள் துணிப்பைக்குள்ளிருந்து கண்ணாடிக் காகிதம் ஒட்டிய நறுக்கை எடுத்து இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். பண்ணைக்காரரின் வக்கீலும் தன் கோப்பைத் திறந்தார். அவர் எடுத்து வைத்ததும் அதே நறுக்குதான். மேசையின் இரண்டு பக்கமும் ஒரே படம் கிடந்தது.

கோட்டாட்சியர் வயதில் இளையவர். பொறுமையாகப் பேசினார்.

"படத்துல இருக்கறது நீதானம்மா?"

"ஆமாங்கய்யா."

"இவருக்கு என்ன குடுக்குற?"

"பங்குங்கய்யா."

"தெனமுமா?"

"அவங்க வந்து நின்னா தெனமும்தாங்க."

"இவங்க அப்பா காலத்துல?"

அந்த அம்மாள் நிமிர்ந்தார். தன் வீட்டு வழக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்ற பெருமை அவர் குரலில் இருந்தது. "பெரியவரு வந்தா அவருக்கும் உண்டுங்க. எங்க மாமியா கையால வச்சாங்க. ஒருநாளும் கொறை வச்சதில்லைங்க."

"இவரு எடத்துல இருக்கோம்னு குடுக்குறீங்களா?"

"கரையில நிக்கிறாருங்களே. குடுக்காம எப்படிங்க?"

கோட்டாட்சியர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: தலைமுறையாகப் பங்கு கொடுத்து வருவதை ஒப்புக்கொண்டார்.

நாத்தனார் குறுக்கே புகுந்தார். "அய்யா, அது யாரு நின்னாலும் வைக்கிறதுங்க. இவருக்குன்னு இல்லைங்க."

"அப்படின்னு இந்தப் பேப்பர்ல இல்லைங்களே" என்றார் வக்கீல். அவர் சொன்னது சரி.

கோட்டாட்சியர் விட்டுவிடவில்லை. அதை நான் இன்றும் அவருக்காகச் சொல்வேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளிடம் கேட்டார். "வேற யாருக்காச்சும் குடுத்திருக்கியாம்மா? வந்து சொல்றதுக்கு ஆளு இருக்கா? ஒரு ஆளு போதும்."

அந்த அம்மாள் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். இரண்டு நொடி இருக்கும். பிறகு மேசையைப் பார்த்து, "நெறையப் பேரு இருக்காங்கய்யா" என்றார். பெயர் சொல்லவில்லை. தின்றவர் இன்னார் என்று வெளியே சொல்வது அவர்களிடையே பெரிய இழிவு. பண்ணைக்காரரைப் பற்றிக்கூட, படம் மேசைமேல் இருந்ததால்தான் பேசினார்.

"பேரச் சொல்லும்மா."

அவர் மேசைமேல் கிடந்த நறுக்கையே பார்த்தார். நாத்தனாரும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கோட்டாட்சியரின் கேள்வி, மேற்கோள் குறியோடு, பிழையில்லாமல் இருக்கிறது. அதன் கீழே, பதில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பெஞ்சிலிருந்து மேசைக்கு எட்டு அடி இருக்கும். எழுந்து நின்று, அய்யா நானும் வாங்கியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். விசாரணையில் செய்தியாளர் குறுக்கிடக் கூடாது என்று ஒரு காரணம் அப்போது என்னிடம் இருந்தது. அதே பெஞ்சில் வேறு இரண்டு பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை மட்டும் பல வருடம் நம்பினேன்.

பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். நாத்தனார் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவர்.

"கரையில நிக்கிறவங்க சத்தம் போடணும்ண்ணே. அதுக்குத்தான பங்கு."

"விடுடி" என்றார் அந்த அம்மாள். "அவங்களுக்கு எழுதுற வேல இருந்துச்சு." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். எழுதும்போது கை ஒழியாது, வாயில் பறி இருப்பதைப் போல.

உத்தரவு ஒன்றரை மாதத்தில் வந்தது. வரைபடத்தில் எல்லை தெளிவாக இல்லாததால் இடத்தை யார் அனுபவித்துவந்தார்கள் என்பதைக் கொண்டு முடிவெடுக்கப்பட்டது என்றும், துறையில் பிடிப்பதில் ஆட்சேபணைதாரரின் குடும்பம் தலைமுறையாகப் பங்கு பெற்றுவந்தது மனுதாரர்களாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது என்றும் அதில் இருந்தது. ஏழு குடும்பத்துக்கும் கழியிலிருந்து வெகுதூரம் உள்ளே, நெடுஞ்சாலை ஓரம், ஆளுக்கு ஒரு மனை ஒதுக்கப்பட்டது. உத்தரவை எட்டு வரிச் செய்தியாக அனுப்பினேன். மறுநாளே வந்தது.

அதன் பிறகு நான் எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். எத்தனையோ நாள் அந்தக் கரையில் எனக்கும் பங்கு வைத்தார்கள் என்று. கோட்டாட்சியர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவர் மேல்முறையீடு செய்யச் சொன்னார். மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: இவர் எழுதிய கட்டுரையில் இது ஏன் இல்லை? தள்ளுபடி ஆனது. திருத்தம் ஒன்று வெளியிடக் கேட்டுத் தஞ்சாவூருக்குப் போனேன். ஆசிரியர் கட்டுரையை எடுத்துவரச் சொல்லி இரண்டு முறை படித்தார்.

"இதுல எந்த வரி தப்பு?"

"எதுவும் தப்பில்லைங்க."

"அப்புறம் எதைத் திருத்தறது?"

கிளம்பும் நாளன்று காலையில் போனேன். குடிசைகளின் கூரையை முதல் நாளே பிரித்துவிட்டார்கள். மூங்கில்களைக் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்திருந்ததால் வழக்கம்போல் இறங்கினார்கள். ஒன்பது தலைகள். கரையேறினார்கள், சாக்கை விரித்தார்கள், பறிகளைக் கவிழ்த்தார்கள். பண்ணைக்காரர் வந்து நின்றார். வண்டிக்கு ஆள் சொல்லியாயிற்றா என்று அக்கறையாகக் கேட்டார். அந்த அம்மாள் ஏழு கூறு வைத்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு வைத்தார். பண்ணைக்காரர் பாத்திரத்தை நீட்டினார். நான் டப்பாவைத் திறந்தேன்.

நெடுஞ்சாலை மனையிலிருந்து கழிக்கு நடந்துபோய் வர முடியாது. அடுத்த வெயிலில் மூன்று குடும்பம் சூளைக்குப் போனது. நாத்தனார் குடும்பமும் அதில் ஒன்று. எந்தச் சூளை என்று கேட்டு இரண்டு மாவட்டம் அலைந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மழை பிடித்து மற்ற இரண்டு குடும்பம் திரும்பிவந்தது. நாத்தனார் வீட்டார் வரவில்லை. ஒரு வாரம் வரைக்கும் கூட இருந்ததாகவும், பிறகு வேறு லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் வந்தவர்கள் சொன்னார்கள்.

மேட்டில் விடுதி எழுந்தது. செத்த குட்டைகளை இணைத்து ஏரியாக்கி, அதில் இயந்திரப் படகு விட்டார்கள். வாசல் பலகையில், பழங்குடியினரின் வாழ்க்கையை நேரில் காணுங்கள் என்று எழுதியிருந்தது. கூரைகளுக்கு வேய்ந்தது பனையோலைதான். அழகாகவே இருந்தது.

திறந்து சில வருடம் கழித்து, வேறு வேலையாகச் சீர்காழி போனவன் ஒரு மாலை அங்கே போனேன். வாசலில் சீட்டு வாங்கினேன். நாலு மணிக்குக் கையால் இறால் பிடிக்கும் நிகழ்ச்சி என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது. தண்ணீர் வடிந்திருக்கிறதா ஏறியிருக்கிறதா என்பதைப் பார்த்து நேரம் வைத்ததாகத் தெரியவில்லை. பழைய துறையில் சிமென்ட் படி கட்டி, மேல்படியில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த அம்மாள் வந்தார். தலை நரைத்திருந்தது. விடுதியின் பெயர் போட்ட பச்சைச் சேலை. பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் கழியில் இறங்கினார். அன்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்து வரைக்கும் போனது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து படிக்கு வந்து படம் எடுத்தார்கள். ஒரு குழந்தை, "அந்தப் பாட்டி ஏன் பேசவே மாட்டேங்குறாங்க?" என்று கேட்டது.

இருபது நிமிடம் கழித்துக் கரையேறினார். சமையற்காரர் ஒருவர் பிளாஸ்டிக் தொட்டியோடு நின்றார். அந்த அம்மாள் பறியை அதில் கவிழ்த்தார். சமையற்காரர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மாள் நிமிர்ந்தார். பழக்கம்போல் கரையை ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"எப்ப வந்தீங்கண்ணே?"

"இப்பத்தாம்மா."

"நாத்தனாரப் பத்தி எதுவும் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா."

அவர் வெறும் பறியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தார். "உங்களுக்கு வைக்க ஒண்ணும் இல்லண்ணே இன்னைக்கு" என்றார்.

அன்று கரையில் என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர் நின்றோம்.